தொட்டுப் பார்க்காத பானை

1. ஏழு அட்டைகள்

திங்கட்கிழமை காலை 8.15க்கு என் மேசையில் ஏழு நோய் அறிவித்தல் அட்டைகள் இருந்தன. ஏழும் மஞ்சள் காமாலை. ஏழும் சிறு பிள்ளைகள். ஏழும் யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவை. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

சுகாதார வைத்திய அதிகாரியாகப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்து எழுதுவது குறைவு. தண்ணீர், சாப்பாட்டுக் கடை, நுளம்பு, தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மார், இவைதான் வேலை. பிரதேச சபைக்கும் சுகாதாரத்தில் நாங்களே பொறுப்பு. நாங்கள் கையெழுத்திட்டால் ஹோட்டலை மூடுவார்கள், கிணற்றை மூடுவார்கள். ஒரு மனுஷியின் வாழ்க்கையையும் மூடலாம் என்பது எனக்கு அந்தத் தோட்டத்தில்தான் தெரிந்தது.

எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ருவன், சிங்களவர். இரத்தினபுரியில் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்த என்னைவிட அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். அட்டைகளைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்தார்.

“நாளைக்கு வர்றோம்னு தோட்டத்து ஒபிசுக்கு ஒரு கோல் குடுத்துர்றேன் சேர். சொல்லாம போனா தொரைக்கு மூஞ்சி மாறிடும்.”

அதுதான் எங்கள் வழக்கம். எனக்கு முன்பிருந்த அதிகாரியும் அப்படித்தான் செய்தார். முதல் நாளே சொல்லிவிடுவோம், மறுநாள் கேற் திறந்திருக்கும், தொரையின், அதாவது தோட்ட மனேஜரின், ஒபிசில் தேநீர் இருக்கும், தொழிலாளரை மேய்க்கும் கணக்கப்பிள்ளை கூடவே வருவார். நான் “சரி” என்றேன்.

2. மூன்று முறை இளஞ்சிவப்பு

அடுத்த பத்து நாட்களில் மூன்று முறை போனேன். மூன்று முறையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மாத்திரையைப் போட்டோம். மூன்று முறையும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. குளோரின் போதிய அளவு இருக்கிறது என்று அர்த்தம். அளவுகளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன்.

தண்ணீர் நல்லது என்றால் நோய் எங்கிருந்து வந்தது? ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் பிள்ளைக் காம்பராவில் விடப்படுகிறவர்கள். பெற்றோர் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே ஆயாவாக இருந்தவர் புஷ்பராணி. முப்பத்தைந்து வயதிருக்கும்.

முதல் நாள் காலை 9.10க்கு நாங்கள் உள்ளே போனபோது அடுப்பு அணைந்திருந்தது. மேலே ஒரு பெரிய அலுமினியப் பானை மூடியிருந்தது.

“தண்ணி காய்ச்சலியா?” என்று கேட்டேன்.

“காய்ச்சியாச்சுங்க ஐயா. அஞ்சரைக்கே வந்து காய்ச்சி மூடி வச்சிருவேன். புள்ளைங்க வர்றப்ப ஆறணும்ல. பானைய தொட்டுப் பாருங்க, இன்னும் வெதுவெதுன்னு இருக்கு.”

நான் தொடவில்லை. கையில் பேனாவும் நாட்குறிப்பும் இருந்தன. “அடுப்பு எரியவில்லை” என்று எழுதினேன்.

இரண்டாவது முறை போனபோது, கணக்கப்பிள்ளை சற்றுத் தள்ளி நின்ற நேரம் பார்த்து அவர் என்னிடம் வந்தார்.

“ஐயா, ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தான் தண்ணியில மருந்து வாசம் அடிக்குது. மத்த நாள்ல ஒண்ணும் இல்ல.”

அதையும் எழுதினேன். நான் எதையும் எழுதாமல் விடுகிறவன் இல்லை. அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, அதன் பக்கத்தில் ஒரு சிறு கோடிட்டு, “சாக்குப்போக்கு” என்று எழுதினேன்.

மூன்றாவது முறைக்கு மறுநாள் தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். பிள்ளைக் காம்பரா ஆயா மு. புஷ்பராணி கொதிக்க வைக்காத நீரைப் பிள்ளைகளுக்கு வழங்கியதே நோய் பரவக் காரணம் எனக் கருதப்படுவதாகவும், அவரை அந்த வேலையிலிருந்து அகற்றும்படியும் எழுதியிருந்தேன். “கருதப்படுகிறது” என்ற சொல்லைப் போட்டதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. கவனமாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் உரக்க வாசித்தார் என்று ருவன் பிறகு சொன்னார். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

3. போன் வராத நாள்

ஐந்து வாரம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் கிளினிக் முடிந்து திரும்பும்போது மழை. கீழ்ப் பாதையில் மண் சரிந்திருந்தது. சாரதி ரப்பர் மலை வழியாக மேல்பாதையில் வண்டியை விட்டார். அந்தப் பாதை இந்தத் தோட்டத்தின் தண்ணீர்த் தாங்கியைத் தொட்டுக்கொண்டு போகிறது. சோதனைப் பெட்டி வண்டியில் இருந்தது. ருவன்தான் “பாத்துட்டுப் போவோமா சேர்?” என்றார்.

தாங்கியின் மூடி பாதி விலகியிருந்தது. உள்ளே ரப்பர் இலை மிதந்தது. தாங்கிக்கு வரும் குழாய் ஓரிடத்தில் வெடித்து, மேட்டு லயத்து மலசலகூடக் கழிவுக் கான் ஓரமாகக் கிடந்தது. மாத்திரையைப் போட்டோம். தண்ணீர் நிறம் மாறவில்லை. இன்னொரு மாத்திரை போட்டோம். அப்போதும் மாறவில்லை.

தாங்கியைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். எங்களைக் கண்டதும் அவருக்குப் பயமில்லை, மனத்தாங்கல்தான்.

“என்ன ஐயா, வர்றீங்கன்னு போன் வரலியே. வந்திருந்தா காலையிலயே தூள் போட்டிருப்பேனே.”

“குளோரின் தூள் தினம் போடணும், தெரியாதா?”

“தினமா? டொக்டர் வர்ற அன்னிக்கு போடுன்னுதான் கணக்கப்புள்ள சொன்னாரு. தூள் டொக்டருக்குன்னுல்ல நெனச்சேன்.”

ருவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் திரும்பிக்கொள்ள ஒரு பக்கம் தேவைப்பட்டது.

அலுவலகத்துக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது, புஷ்பராணி சொன்ன வார்த்தை, நேரம், என் “சாக்குப்போக்கு”. காம்பராவுக்கே வராத இரண்டு பிள்ளைகளுக்கும் நோய் வந்திருந்தது; ஏழு பேரும் வீட்டில் குடித்தது இந்தத் தாங்கித் தண்ணீர்தான். இந்தக் காமாலை உடம்புக்குள் போய் வெளியே தெரிய ஏறக்குறைய ஒரு மாதமாகும் என்பது மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். நான் ஒரு மாதத்துக்கு முந்தைய தண்ணீரை, சொல்லிவைத்துப் போன நாளின் தண்ணீரில் தேடியிருக்கிறேன். மூன்று முறை தேடி, மூன்று முறையும் அளவு எழுதியிருக்கிறேன்.

4. இரண்டாவது கடிதம்

குழாய் மாற்றப்பட்டது. தினமும் தூள் போட ஏற்பாடானது. பிள்ளைகள் ஏழு பேரும் தேறினார்கள். நிர்வாகத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதுமுன் தொரையுடன் பேசினேன்.

“தண்ணி பிரச்சினை முடிஞ்சுதே டொக்டர். அந்தப் பொம்பளை பேரை எதுக்குத் திரும்ப இழுக்கணும்? சனம் மறந்திரும்” என்றார் அவர்.

அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. நோய்க்குக் காரணம் நீர் வழங்கலில் ஏற்பட்ட பழுது என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, 11.20க்கு, புஷ்பராணி என் அறை வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

“இதுல எம் பேரு இருக்குங்க. இதுல இல்ல.”

இரண்டாவது தாளில் விரலை வைத்தபடியே தொடர்ந்தார்.

“நான் இப்ப மலையில ரப்பர் பால் வெட்டுறேன் ஐயா. அதுல கஷ்டமில்ல. கோயில் திருவிழாவுல அன்னதானத்துக்கு அரிசி கழுவப் போனேன். ‘நீ தள்ளி இரு’ன்னு கையில இருந்த சட்டிய வாங்கிட்டாங்க. எம் மகளோட தண்ணிப் போத்தல பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் தொடுறதில்ல. தண்ணிதான் காரணம்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். ஆனா புஷ்பராணி காரணமில்லன்னு ஒருத்தரும் சொல்லலியே.”

“நான் பேர் போட்டு இன்னொரு கடிதம் தர்றேன்” என்றேன்.

“கடுதாசிய நான் எங்க ஒட்டி வைக்கிறது? பெரட்டுலதான வாசிச்சாங்க. பெரட்டுல வந்து சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க. கணக்கப்புள்ள வேணாம்.”

வருகிறேன் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. பதவி, அலுவலக முறை, மேலிடத்து அனுமதி என்று மூன்று காரணங்களை யோசித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த மூன்றுக்கும் பக்கத்தில் என்ன எழுதுவேன் என்று நினைத்தபோதுதான் வாய் திறந்தது.

5. பெரட்டுக் களம்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே போய்விட்டேன். யாருக்கும் போன் செய்யவில்லை. பால் வாளிகளோடு சனம் நின்றது. புஷ்பராணி மூன்றாவது வரிசையில், தலையில் முக்காடிட்டு, என்னைப் பார்க்காமல் நின்றார்.

எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். புஷ்பராணி தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தார். தண்ணீரில் என்ன பிழை என்று அவர் என்னிடம் முன்பே சொன்னார். நான் நம்பவில்லை. பிழை என்னுடையது. நான்கே வரி. இரண்டாவது வரியிலேயே என் குரல் இறங்கிவிட்டது.

முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “ஐயா, பின்னால கேக்கல. போன தடவ நல்லா கேட்டுச்சு.”

யாரோ சிரித்தார்கள். யாரோ “சும்மா இரு மாமா” என்றார்கள். பின்னால் நின்ற அவருக்கு முதல் முறையே கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தாளை மறுபடி விரித்து, உரக்க, முதலிலிருந்து வாசித்தேன்.

பிறகு புஷ்பராணியிடம் போய், பழைய வேலையைத் திரும்பத் தரும்படி நிர்வாகத்துக்கு எழுதுகிறேன் என்றேன்.

“எழுதுங்க ஐயா” என்றார். “இப்ப நேரம் போகுது, வெயில் ஏறுனா பால் நின்னுரும்.” வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

நிர்வாகம் நான்கு மாதம் எடுத்துக்கொண்டது. அதற்கிடையில் நான் மூன்று நினைவூட்டல் கடிதங்கள் எழுதினேன்.

இப்போது நாங்கள் எந்தத் தோட்டத்துக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. தொரைமாருக்கு மூஞ்சி மாறத்தான் செய்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சனம் சொல்வதை எழுதுங்கள், எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் உங்கள் அபிப்பிராயத்தை எழுதுமுன் போய்ப் பாருங்கள்.

புஷ்பராணி திரும்பவும் ஆயாவாக வந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். நேரம் 9.05. அடுப்பு அணைந்திருந்தது. பானை மூடியிருந்தது. அவர் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். நான் நாட்குறிப்பைப் பையில் வைத்துவிட்டுப் பானையை நோக்கிக் கையை நீட்டினேன்.

“கையக் கழுவிட்டுத் தொடுங்க ஐயா” என்றார்.

வெளியே போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.