பனிக்குள் போன நீலச் சேலை

இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு ஒரு தேவையும் இல்லை. 1983 டிசம்பரில் சேலத்துக்காரர் சின்னப்பராஜுக்கு நடந்தது இது. கேட்டால் முதலில் பேச்சை மாற்றுவார். விடாமல் கேட்டால் சொல்வார். எத்தனை தடவை சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்வார். ஒரு சொல் கூடாது, குறையாது.

சின்னப்பராஜ் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவர். மனைவி ரோசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. இரண்டு பேருக்கும் சைக்கிள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். சங்ககிரி போனார்கள், மல்லசமுத்திரம் போனார்கள். லாரிச் சத்தமும் புழுதியும் அலுத்துப்போன பிறகு, சந்தடி இல்லாத மலைப்பாதைகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

ரோசியின் அம்மா ஞானமேரிக்கு இது அறவே பிடிக்கவில்லை.

"மலையில எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் மாப்ளே பதில் சொல்லோணும்" என்று மலைக்குக் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட வாசலில் நின்று சொன்னார். சின்னப்பராஜ் சிரித்துக்கொண்டே பெடலை மிதித்தார்.

மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மிதித்தும் தள்ளியும் மேலே ஏறினார்கள். உச்சியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். நல்ல குளிர். ரோசி நீலச் சேலைக்கு மேல் அவருடைய பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். இறங்கும்போது பஸ் போகிற ரோடு வேண்டாம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் பழைய மண்பாதையில் போகலாம் என்றது சின்னப்பராஜ்தான். ரோசி கொஞ்சம் தயங்கினாள். அவர்தான் பிடிவாதமாக இருந்தார்.

பாதி மலை இறங்கியபோது அவருடைய முன் பிரேக் கட்டை லூசாகி கிரீச் கிரீச் என்று கத்த ஆரம்பித்தது. மணி நாலே கால் இருக்கும். பனி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நீ மெதுவாப் போ ரோசி. இதை முடுக்கிட்டு வாரேன். அடுத்த வளைவுல நில்லு."

"சீக்கிரம் வாங்க. பனி மூடுது."

அவள் போனாள். வளைவில் திரும்பினாள். மறைந்தாள்.

பிரேக்கைச் சரிசெய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் பனி மரங்களை விழுங்கிவிட்டது. அடுத்த வளைவுக்கு வந்தார். ரோசி இல்லை.

அதற்கடுத்த வளைவு. அங்கேயும் இல்லை.

"ரோசி!"

பதில் இல்லை. பறவைச் சத்தம்கூட இல்லை. ஞானமேரி வாசலில் நின்று சொன்னது காதில் ஒலித்தது. அவர் வேகமாக மிதித்தார். பிரேக்கைத் தொடவே இல்லை. விழுந்தாலும் பரவாயில்லை, அவளைப் பார்த்தால் போதும்.

அப்போதுதான் தெரிந்தது...

முன்னால், பனிக்குள், நீலச் சேலை. சைக்கிளில் உட்கார்ந்த முதுகு.

அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. "ஏன்டி நிக்காம வந்தே?" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. கோபம் போல என்று நினைத்துக்கொண்டார். பின்னாலேயே போனார்.

வேகமாக மிதித்தார். இடைவெளி குறையவில்லை. மெதுவாகப் போனார். இடைவெளி கூடவும் இல்லை.

பாதை இடதுபுறம் பிரிந்தது. அவள் அதில் போனாள். அவரும் போனார். இங்கே புல் முளைத்திருந்தது. ரொம்ப நாளாக யாரும் நடக்காத பாதை.

ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இறக்கத்தில் பெடலை நிறுத்தினால் பின் சக்கரம் டிக் டிக் டிக் என்று சத்தம் போடும். அவருடைய சைக்கிள் போட்டது. முன்னால் போகிற சைக்கிள் போடவில்லை. அவருடைய சக்கரம் தேங்கிய தண்ணீரில் சளக் என்று இறங்கியது. முன்னால் போன சக்கரம் அதே தண்ணீரைக் கடந்தபோது ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை.

காற்று அடித்தது. சேலை முந்தானை அசையவில்லை.

அப்புறம் இன்னொன்று தெரிந்தது.

அந்த முதுகில் ஸ்வெட்டர் இல்லை.

"மாதாவே..."

விரல் பிரேக் பக்கம் போனது. ஆனாலும் சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. ஒருவேளை கழற்றியிருப்பாளோ? ஒருவேளை ரோசியாகவே இருந்துவிட்டால்? விட்டுவிட்டுப் போக முடியுமா?

டிரிங்... டிரிங்...

பெல் சத்தம். முன்னாலிருந்து அல்ல.

பின்னாலிருந்து.

"ஏனுங்க... நில்லுங்க! நில்லுங்க!"

ரோசியின் குரல். மூச்சு வாங்கியது. அழுதுகொண்டே கூப்பிடுகிற குரல்.

சின்னப்பராஜ் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். கிரீச்... சக்கரம் வழுக்கி நின்றது.

முன்னால் போனதும் நின்றது.

அது மெல்லத் தலையைத் திருப்ப ஆரம்பித்தது.

அவர் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கியபோது காலில் ஒரு கல் தட்டியது. கல் உருண்டது. முன்னால் விழுந்தது.

சத்தம் வரவில்லை.

வெகு நேரம் கழித்து, எங்கேயோ ஆழத்தில்... டொக்.

கண்ணைத் திறந்தார். முன்னால் பனி மட்டும். திரும்பிப் பார்த்தார். பின்னாலும் பனி மட்டும்.

"ரோசி! எங்கடி இருக்கே?"

யாரும் இல்லை.

ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது. அழுதார். விழுந்து எழுந்து ஓடினார். முழங்காலில் ரத்தம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. ரோசி என்ற பேரைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

தோட்டக் காவல்காரர் ஆண்டி விறகுக் கட்டோடு மெயின் பாதையில் வந்துகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டார்.

"ஏனுங் சாமி, அந்தப் பக்கமிருந்தா வாரீங்க? அது மழையில இடிஞ்சு போன பாதைங்க. அங்க போக்கே இல்லீங்களே!"

"என் சம்சாரத்தைக் காணோம்யா..."

ஆண்டி விறகுக் கட்டை அங்கேயே விட்டுவிட்டார். கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். வழி நெடுக சின்னப்பராஜ் ஒவ்வொரு புதருக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடிவாரத்தில் செல்லியம்மாளின் டீக்கடை. பெஞ்சில் ரோசி உட்கார்ந்திருந்தாள். பழுப்பு ஸ்வெட்டரோடு. பக்கத்தில் அவளுடைய சைக்கிள். கையிலிருந்த டீயைக் குடிக்காமல் மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டி நிக்கலே?"

"நான் நின்னேனுங்க. நீங்கதான் பின்னாலயே வந்து, நிக்காத, திரும்பாத, போயிட்டே இருன்னு சொன்னீங்க."

"நானா?"

"உங்க குரல்தானுங்க. பிரேக் கிரீச் கிரீச்னு பின்னாலயே வந்துச்சு. இந்தக் கடை வெளிச்சம் தெரியற வரைக்கும் வந்துச்சு. திரும்பிப் பாத்தா... ஆளில்லே."

சின்னப்பராஜ் அவள் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "நடுவுல நீ என்னை நில்லுங்கன்னு கூப்பிட்டியா?"

ரோசி இல்லை என்று தலையாட்டினாள்.

ராத்திரி சேலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரோசிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. மறுநாள் காலையில் விட்டுவந்த சைக்கிளை எடுக்க ஆண்டியைக் கூட்டிக்கொண்டு சின்னப்பராஜ் மறுபடி அங்கே போனார். நல்ல வெயில். ராத்திரி மழை பெய்யாததால் தடங்கள் கலையவில்லை; மண் முதல் நாள் போலவே ஈரமாக இருந்தது.

சைக்கிள் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில் பாதை முடிந்திருந்தது. அதற்கப்பால் வெறும் பள்ளம்.

முன்னால் போன நீலச் சேலையின் சைக்கிளுக்கு ஒரு தடமும் இல்லை. அதை அவர் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார்.

ஆண்டி குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சைக்கிள் வந்திருக்குங்களே, சாமி."

சின்னப்பராஜும் பார்த்தார். அவருடைய தடத்துக்குப் பின்னால் இன்னொரு தடம். போன வாரம் ரோசியின் சைக்கிளுக்கு அவரே வாங்கி மாட்டிய புது டயரின் தடம். அதே கோடு, அதே பூ. அவர் நின்ற இடம் வரைக்கும் பின்னாலேயே வந்திருந்தது. கீழே கிடந்த சைக்கிளைச் சுற்றிக்கொண்டு, வலது பக்கமாக முன்னால் போயிருந்தது.

நேராகப் பள்ளத்தின் விளிம்புக்கு.

திரும்பி வந்த தடம் இல்லை.