செல்வி அறையின் நீலம்

ஒரு பெண்ணின் குடியைக் கெடுத்தவள் நான். வாயாலேயே கெடுத்தேன். ஆதாரமாக என்னிடம் இருந்தது ஒரு சுவரின் நிறம் மட்டுமே!

சிரிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டுக் காறித் துப்புவதானாலும் துப்புங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மஞ்சள், ரோஸ், இல்லையென்றால் இளம்பச்சை. பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது, கூடத்துக்கு நீலம்தான் வேண்டும் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். பம்புசெட் கம்பெனி வெக்கையில் நாளெல்லாம் வேகிற மனிதர். வெள்ளை டிஸ்டெம்பரில் நீலச் சாயத்தை ஊற்றி, ஒரு துளி கறுப்பும் விட்டு, தம் கையாலேயே கலக்கினார். வெளிறியதும் அல்ல, அடர்ந்ததும் அல்ல... கண்ணுக்குக் குளிர்ச்சியான நடுத்தர நீலம்.

"ஏனுங்கம்மணி, உள்ள வந்தா ஏசி போட்டாப்பல இருக்குதுங்கோ!" என்றார்கள் வந்தவர்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எந்தக் கடையிலும் கிடைக்காத நிறம் அல்லவா!

அடுத்த தெருவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வாசலில் மெஷின் போட்டுத் துணி தைத்தாள் செல்வி. புருஷன் மஸ்கட்டில் வேலை. என்னை வாய் நிறைய அக்கா என்பாள். சித்திரையில் ஒருநாள் ஜாக்கெட் வாங்கப் போனேன். போட்டுப் பார்க்கக் கதவுத் திரையை விலக்கி அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவர் முழுக்க எங்கள் வீட்டு நீலம்!

அவர் இங்கே வந்திருக்கிறார். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு இவளுக்காகவும் கலக்கியிருக்கிறார்... வேறு எப்படி வரும் அந்த நிறம்?

"எப்புடீங்கக்கா கலரு?" என்று சிரித்தாள் செல்வி. அந்தச் சிரிப்பில்கூட எனக்கு விஷமம் தெரிந்தது.

அவளிடம் கேட்டிருக்கலாம். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டேனா? இல்லை! வேவு பார்த்தேன். அவர் சட்டையை முகர்ந்தேன். செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதபடி நடந்துகொள்கிறாரே, என்ன சாமர்த்தியம் என்று அதற்கும் பொருமினேன்.

கடைசியில் செல்வியின் வீட்டு ஓனரம்மாவிடம் போனேன். "அந்தப் புள்ள ரூமுக்கு ஆம்பளைங்க வந்து போறாங்களாமுங்க. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றேன். என் கணவர் பெயரைச் சொல்லவில்லை. என் மானம் எனக்குப் பெரிது! ஆனால் ஒருவரைச் சந்தேகப்பட்ட நான் 'ஆம்பளைங்க' என்று எப்படிச் சொன்னேன்? இன்றும் எனக்கே விளங்கவில்லை.

ஒரே வாரத்தில் அவளைக் காலி செய்ய வைத்தார்கள். மஸ்கட்டுக்கும் சேதி போயிற்று. தையல் மெஷினோடு காங்கேயத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அந்தப் புள்ள ஏன் அம்மணி காலி பண்ணிப்போட்டுது?" என்று என் கணவர் கேட்டார். பார்த்தீர்களா, அவள் போனதை இவரால் தாங்க முடியவில்லை என்று அதையும் குற்றக் கணக்கில் சேர்த்தேன்.

அடுத்த பொங்கலுக்கும், போன வருஷம் எங்கள் வீட்டுக்கு அடித்த பெயிண்டர் ரங்கனே வந்தார். வேலையின் நடுவே சொன்னார்: "மிச்சம் இருந்தா எடுத்து வெய்யுங்க அம்மணி. போன தடவ நீங்க வாளியோட குடுத்தீங்கல்ல, அதத்தான் டெய்லர் புள்ள ரூமுக்கு அடிச்சு உட்டனுங்க. பாவம், செவுரெல்லாம் பேந்து கெடந்துச்சு."

நான் கொடுத்தது... ஆமாம், இடத்தை அடைக்கிறது, எங்காவது கொண்டுபோய்த் தொலையுங்கள் என்று நானேதான் கொடுத்தேன்! அடியோடு மறந்திருந்தேன்.

அன்றே காங்கேயம் பஸ் ஏறியிருக்க வேண்டாமா? ஏறவில்லை. கணவரிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு கல்யாணத்துக்காகக் காங்கேயம் போனேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். செல்வி! பாதி உடம்பாகியிருந்தாள்.

"அக்கா, அவரு என்னைய வெட்டி உட்டுப்போட்டாருங்க. எவ எம்மேல இப்புடிப் பழி போட்டாளோ... உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு நினைப்பு... தெரிந்துகொண்டேதான் கேட்கிறாளோ? அவள் கண்ணை உற்றுப் பார்த்தேன். அப்போதும் அவளைத்தான் சந்தேகப்பட்டேன், பாவி!

"தெரியலையே கண்ணு" என்றேன்.

"நீங்க ஒருத்தராச்சும் என்னைய நம்புவீங்கன்னு தெரியுங்கக்கா" என்றாள். பூக்காரம்மாவிடம் ஒரு முழம் பூ வாங்கி, என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, தன் கையாலேயே என் தலையில் வைத்துவிட்டாள்.

அந்தப் பூவோடுதான் கல்யாணத்துக்குப் போனேன்.