நுனிக்காலில் ஒரு பூமிதி

விடுமுறைக்கு எங்கள் பர்மிய ஊரான மாவ்பியிலிருந்து யாங்கோன் நகரத்துக்கு வந்து, ஐந்து வயது மகள் மீனாவுக்கு முதன்முதலாக அரங்கில் பாலே நடனம் காட்டுகிறேன். பிள்ளைகள் சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று வாசலிலேயே சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைப் பாவாடைப் பெண்கள் நுனிக்காலில் ஓடி வருகிறார்கள்.

"அப்பா, நெருப்பு எங்கப்பா?"

எங்கள் மாரியம்மன் கோயில் பூமிதியில், தணல்மேல்தான் இவள் இப்படிக் கால் பதியாத ஓட்டத்தைப் பார்த்திருக்கிறாள்.

"நெருப்பில்லம்மா, உட்காரு" என்பதற்குள் எழுந்து கைகூப்பி, "ஓம் சக்தி!" என்று கத்திவிடுகிறாள்.

டார்ச் லைட்டோடு அரங்கக் காவலர் வருகிறார். நானும் அம்மனை நினைத்துக்கொள்கிறேன். பக்கத்து இருக்கை பர்மிய அம்மாள், பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்கிறார்.

"அந்த அக்காங்க கால் வெந்துடக் கூடாதுன்னு சாமி கும்பிடுதும்மா" என்கிறேன் பர்மியில்.

அவர் காவலரைக் கையசைத்து அனுப்புகிறார்.

"மூணாவதா ஆடுறது என் மக. ஒத்திகையில ரெண்டு தடவை விழுந்தா. இன்னொரு தடவை சத்தமாவே கும்பிடச் சொல்லு தம்பி."