யோரெய்டும் கிடேரியும் வளைத்த பள்ளத்தாக்கு

யோரெய்டின் புருஷன் கிழக்கே ஆறு ஆறாகப் படகு விட்டு, ஆறு தீர்ந்த இடத்தில் படகையே காட்டுக்குள் இழுத்துக்கொண்டு கிரேக்கப் பேரரசனின் நகரம்வரை போனவன், திரும்பவில்லை. அண்ணன் மேற்கே போய், பனிமலை ஒன்றுக்குக் காது குத்திவிட்டு வந்ததாகச் சொல்லித் திரிந்தான். யோரெய்ட் நார்வேயிலிருந்து ஐஸ்லாந்துவரைதான் வந்தாள். ஆனால் இனி எவர் அடுப்படியிலும் ஒண்டிக் கிடப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு வந்தாள்.

புதிதாக வரும் பெண்ணுக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வசந்த காலத்துப் பகல் ஒன்றில், சூரியன் எழுந்து விழுவதற்குள், இரண்டு வயதுக் கிடேரியைக் கயிறு பிடித்து நடத்தி எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாளோ, அவ்வளவும் அவளுக்கு.

முன்பே குடியேறியிருந்த கிரீமுக்கும் அவள் சுற்றத் தேர்ந்த பள்ளத்தாக்கின்மேல் ஒரு கண்.

"ஏம்மா, இது மாடா, மாட்டோட நிழலா? உன் குடிசைய ஒரு சுத்து சுத்திட்டுப் போய்ப் படு."

"குடிசையச் சுத்தவா இவ்ளோ கடல் தாண்டி வந்தேன், அண்ணே? சால்மன் மீன் ஓடுற ஆத்தையும் சேத்துத்தான் சுத்தப்போறேன்."

காலையில் மலையடிவாரத்துப் பனிப்பாலம் வழியாக ஆற்றை எளிதாகக் கடந்தாள். மறுகரையோடு இறங்கி, மாலையில் முகத்துவாரத்துக்கு வந்தாள். இன்னொரு முறை கடந்தால் புறப்பட்ட இடம். ஆனால் கப்பலில் வாரக்கணக்காக ஆடி நொந்த கிடேரி, உப்புநீர் வாடை பட்டதும் நான்கு காலையும் ஊன்றிவிட்டது.

"தூக்கிட்டு வரக் கூடாது, ஞாபகம் வச்சுக்கோ!" எதிர்க்கரையிலிருந்து கிரீம் கத்தினான்.

இழுத்தாள், தள்ளினாள், திட்டினாள். சூரியன் கடலைத் தொடப்போனது. சட்டென்று தன் போர்வைக்குள் கிடேரியின் தலையை இழுத்து மூடி, அதன் வாயில் இரண்டு விரலை வைத்தாள். கப்பலில் புயலடித்தபோதெல்லாம் அதை அப்படித்தான் அடக்கினாள். விரலைச் சப்பக் கொடுத்தபடியே பின்னோக்கி ஆற்றில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. அவள் பல் கிடுகிடுத்த சத்தம் நார்வேவரை கேட்டது. கிடேரி சப்பிக்கொண்டே பின்தொடர்ந்தது.

கரையேறியதும் கிரீம் வீட்டு உலர்புல் போரின் வாசம் அதன் மூக்கில் பட்டது. அவ்வளவுதான், எடுத்தது ஓட்டம். யோரெய்ட் விழுந்து புரண்டாலும் கயிற்றை விடவில்லை. புறப்பட்ட இடத்தைத் தாண்டியபோது சூரியன் பாதி மிச்சம்.

"செல்லாது! மாடுல்ல உன்னை இழுத்துட்டு வந்துச்சு!"

"கயிறு என் கையிலதானே இருக்கு? யாரு முன்னாடி ஓடணும்னு எவனும் சொல்லலையே!"

கிரீமின் மனைவி சிரித்தாள். "செல்லும், செல்லும். அவ மார்பளவு தண்ணில நின்னா. நீங்க கட்டைவிரலயாவது நனைச்சீங்களா?"

கூடியிருந்தவர்கள் அதையே தீர்ப்பாக்கிவிட்டார்கள். கிடேரி கிரீமின் புல்லை மென்றுகொண்டிருக்க, யோரெய்ட் ஈரப் பாவாடையைக்கூடப் பிழியாமல், தன் முதல் எல்லைக்கல்லை உருட்டத் தொடங்கினாள்.