பால்கனியில் ஒரு ஜெனரேட்டர்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஒரு மனிதரைக் கொன்றிருப்பேன். மிகைப்படுத்தவில்லை.

இந்த ஜூன் மாதத்தில் கரண்ட் எப்படி இருக்கிறது என்று, வடக்கே நாங்கள் குடியிருக்கும் கிட்வாய் நகர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது... முறைப்பார்கள். எங்கள் மகள் ரம்யாவுக்கு நாலு வயது. அம்மை போட்டிருந்தது. ஃபேன் நின்றால் உடம்பெல்லாம் எரியுது என்று அழுவாள். அதனால்தான் ஒரு சின்ன ஜெனரேட்டரை வாங்கிப் பால்கனியில் வைத்தேன்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேனா? அவர் எதற்கு? ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் ப்ளக் மாட்டினேன். ஒன்று ஜெனரேட்டரில், இன்னொன்று சுவர் பாயின்ட்டில். வீடு முழுக்க வெளிச்சம்! ஒரே ஒரு நிபந்தனை – முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கரண்ட் வெளியே கம்பத்துக்குப் போய்விடும். எனக்குத் தெரியாததா?

செவ்வாய் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. எங்கள் வீட்டுக்கு வரும் ஒயர் கம்பத்தில் எரிந்துபோயிருந்தது. புகார் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனேன். மத்தியானம் திரும்பினால், குழந்தை கதறிக்கொண்டிருந்தாள். நேரே பால்கனிக்குப் போய் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தேன். ஃபேன் சுற்றியது.

சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி வசந்தா கத்தினாள். "ஏங்க! கம்பத்துல ஆளு நிக்காரு. மெயின அணைச்சியளா?"

அணைக்கவில்லை.

அவள் ஓடிப்போய் மெயினைக் கீழே இழுத்தாள். அதற்குள் வெளியே ஓர் அலறல்.

லைன்மேன் ராம்ஃபல் இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் துடித்தது. பிறகு... மெதுவாகக் கம்பத்தைப் பிடித்தார். நாங்கள் கீழே ஓடியபோது ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"லைனை ஆன் பண்ணது யாரு? சப்-ஸ்டேஷன்ல இருக்கிற அந்த சுரேஷ்தான்!" என்று ஹிந்தியில் கத்தினார். "லைனை நிறுத்தச் சொல்லி ஷட்டவுன் வாங்கிட்டுத்தானே ஏறினேன்? இன்னிக்கே அவன் வேலை காலி!"

சப்-ஸ்டேஷனுக்குப் போகச் சைக்கிளை நோக்கி நடந்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? போலீஸ், ஆபீஸ், ஆபீஸ் கொடுத்த குவார்ட்டர்ஸ்... எல்லாவற்றையும் யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, சுரேஷ் இல்ல. நான்தான். என் ஜெனரேட்டர்தான்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மாடிக்கு வந்தார். குழந்தையைப் பார்த்தார். சுவரில் செருகியிருந்த ப்ளக்கைப் பார்த்தார். ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த ஒயரைக் கழற்றிக் கட்டிங் பிளையரால் மூன்று துண்டாக நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒயரை எத்தனை வீட்டுல பார்த்திருக்கேன் தெரியுமா, சாப்? எல்லாரும் மெயினை அணைச்சிடுவோம்னுதான் சொல்றாங்க."

தண்ணீர் குடித்தார். கீழே போய் வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஏணியை எடுத்தார்.

"வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

"குழந்தை அதுவரைக்கும் அழணுமா?" என்றவர் வசந்தா பக்கம் திரும்பினார். "பெஹன்ஜி, மெயின் சுவிட்ச் பக்கத்துல நீங்க நில்லுங்க. நான் குரல் கொடுக்கிற வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க."

'யாரையும்' என்றபோது என்னைப் பார்த்தார்.

வசந்தா இன்றுவரை என்னை அந்தப் பக்கம் விடுவதில்லை!