ஒரே ஐடியில் இரண்டு போன்

என் போனைப் பறிகொடுத்தது பஸ்ஸில். ராயபுரத்தில் ஏறினேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. இந்த ரோட்டில் அது என்ன புதுசா? நடந்தே போய்விடலாம் என்று நாலு பேரோடு நானும் இடித்துக்கொண்டு இறங்கினேன். இறங்கிப் பார்த்தால் கைப்பையின் ஜிப் திறந்து கிடக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

போனது போகட்டும் என்று விடுகிற ஆள்தான் நான். ஆனால் அதில் என் தங்கையின் படங்கள் இருந்தன.

அவளுக்கு மார்பில் கட்டி வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "தினமும் அவ்ளோ தூரத்துலேர்ந்து அலைய வேணாம். கட்டு மாத்துறப்ப காயத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அன்றிலிருந்து காலையில் நான் கட்டைப் பிரிப்பேன், அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். "மூஞ்சி வராம எடுக்கா" என்பாள். வராமல்தான் எடுத்தேன். ஒன்றிரண்டில் பக்கவாட்டில் வந்துவிட்டது. தெருவில் எல்லோரிடமும் வயிற்றில் ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினேன். தங்கை, "அந்தப் படம்லாம் அதுலதான கீது?" என்றாள். "எப்டியாச்சும் அழிச்சிடுக்கா. நம்ம தெருவுல எவன் கைக்காவது வந்துச்சின்னா நான் வெளிய தல காட்ட முடியாது."

நேராகத் திருவொற்றியூரில் நாங்கள் போன் வாங்கிய கடைக்குப் போனேன். தங்கைக்கும் எனக்கும் ஒரே நாளில், ஒரே மாடலில் வாங்கினது. எங்கள் பக்கத்தில் மெயில் ஐடி என்பது கடைக்காரர் போட்டுத் தருவது, ஸ்க்ரீனுக்குக் கண்ணாடி ஒட்டித் தருகிற மாதிரி. பாஸ்வேர்டு அவர் தலைக்குள் இருக்கும். நமக்கு வேண்டும்போது போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியது. எங்கள் இரண்டு போனுக்கும் அவர் ஒரே ஐடியைப் போட்டுக் கொடுத்திருந்தார். "மறந்துட்டாலும் நான் கீறேன்ல" என்று அன்றைக்குச் சொன்னார். அது எவ்வளவு பெரிய வசதி என்று நானும் நினைத்தேன்.

திருடு போன போனை இங்கே உட்கார்ந்தபடியே அழிக்கலாம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. கம்ப்யூட்டரில் ஐடியைப் போட்டார். ஒரே பெயரில் இரண்டு போன் வந்தன. ஒன்று மங்கலாகக் கிடந்தது. "இது உன் பழைய போனா இருக்கும்" என்று அவரே சொல்லித் தள்ளிவிட்டார். இன்னொன்றின் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதைத் தட்டினதும் மேப் விரிந்தது.

"இத பாருக்கா, உன் வூட்டாண்டயே சுத்தினு கீறான்!"

எங்கள் தெருவேதான். திருடினவன் எங்கள் தெருக்காரன், எனக்கு முகம் தெரிந்தவன், இந்த நிமிஷம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"மொதல்ல ரிங் வுட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டார்.

"ஐயோ வேணாம்ணா, உஷாராயிடுவான். அழிங்க."

"அழிச்சா எதுவும் திரும்ப வராதுக்கா."

"வரக்கூடாதுன்னுதானே வந்துகீறேன்!" என்று கத்தினேன். அவர் அழித்தார்.

தலையிலிருந்து மூட்டை இறங்கின மாதிரி வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே, "அழிச்சிட்டேன்டி" என்றேன். தங்கை தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "க்கா, இன்னான்னு தெரில, தானா ஆஃப் ஆயி புதுசு மாதிரி வந்து நிக்குது" என்று நீட்டினாள். எந்த மொழி வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேப்பில் பார்த்த பச்சைப் புள்ளி இவள் போன். அந்த ஒரு ரிங்கை விட்டிருந்தால் இவள் கையிலேயே அடித்திருக்கும், என்னவென்று கடைக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பாள்.

மங்கலாகக் கிடந்த என் போனுக்கும் அன்றே அழிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தோம். அது நெட்டைத் தொட்டால்தான் அழியுமாம். சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு நெட் பக்கமே போகாதவனை யார் என்ன செய்ய முடியும்? பூட்டு இருந்தது, கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு. திறந்தார்களா, திறக்காமலே பிரித்து விற்றார்களா என்பது தெரியாது. இன்றைக்குப் பார்த்தாலும் காத்திருக்கிறது என்றே காட்டுகிறது.

தங்கை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் கட்டு மாற்றும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் குளிக்கப் போனபோது, கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே படம் எடுத்து வைத்திருந்தாளாம். யாருக்கும் காட்ட அல்ல, தனக்குத்தான். ஒரே ஐடி என்பதால் என் போனில் வந்துவிடக் கூடாதென்று, எடுப்பதற்கு முன்னாலேயே பேக்கப்பையும் நிறுத்தியிருக்கிறாள். அந்தப் படம் அவள் போனைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை.

"எப்டி இருந்தேன்னு எப்பவாச்சும் பாத்துக்கலாம்னு எடுத்தேன்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

என் கை அப்படியே நின்றுவிட்டது. மன்னித்துவிடு என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அது போதாது.

பஞ்சை எடுத்து என் கையில் கொடுத்தவள் மெதுவாகக் கேட்டாள்: "ஒரே ரூம்லதான வளந்தோம். நீ பாத்திருப்பியே. எப்டிக்கா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுடி" என்றேன். நான் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை.