எதிர்த்தரப்பைச் சரிபார்த்தவர்

அரியலூரில் ஒரு தத்துவக் காலாண்டிதழ் நடந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகளின் ஆரம்பம்வரை நடந்தது. நான் அங்கே ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறைத்தலைவர்தான் ஆசிரியர். கடைத்தெருவில் முந்திரி மண்டிக்கு மேலே ஓர் அறை, அதுதான் ஆபீஸ். அச்சடிப்பது பெரம்பலூரில், அங்கே பஸ் ஏறிப் போய் வருவது என் வேலை. அந்த இதழை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. இதழுக்கு ஒரு விதி இருந்தது. கட்டுரை எழுதுகிறவர் முதலில் எதிராளியின் தரப்பை எழுதவேண்டும். அதை நிஜமான ஓர் எதிராளியிடம் காட்டி, ‘ஆமாம், நான் சொல்வது இதுதான்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுக்கவே தொடங்கலாம். அந்தப் பகுதியின் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்று அவர் பெயர் அச்சாகும். மறுபிறவியைப் பற்றிய ஒரு கட்டுரையை ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பாதிரியார் ஒருவர், “எங்க தரப்ப இவ்வளவு அசட்டுத்தனமா நாங்க சொல்லமாட்டோம்” என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். தலைவர் முகம் சுளிக்கவில்லை. கட்டுரை எழுதியவரையே ஏலாக்குறிச்சிக்கு அனுப்பி, பாதிரியாரோடு உட்கார்ந்து எழுதிவரச் சொன்னார். வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் இந்த விதிக்காகவே எங்கள் இதழை மதித்தார்கள். அந்த மனிதரிடம் வேலை பார்க்கிறோம் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அச்சுக்கு வேண்டிய காகிதம் உடையார்பாளையம் பக்கத்து மிராசுதார் ஒருவரின் உபயம். ஒரு நாள் அவரே கட்டுரையோடு படியேறி வந்துவிட்டார். வினைப்பயனைப் பற்றிய கட்டுரை. நிலமில்லாமல் பிறப்பதும் அடிவாங்கி உழைப்பதும் முற்பிறவிக் கணக்கு, அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை என்பது சாரம். “எதிர்த்தரப்புன்னு ஒண்ணு வேணுமாமே. யாரையாவது வச்சு எழுதிக்குங்க” என்று சொல்லி, வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியாகத் துப்பினார். கீழே முந்திரி காய்ந்துகொண்டிருந்தது.

அவர் போனதும் தலைவர் என்னைப் பார்த்தார். “உங்கள விட்டா யாரு தம்பி இருக்கா? நீங்களே எழுதிடுங்க.”

உண்மைதான். அந்த அறைக்குள் நிலமில்லாத குடியில் பிறந்தவன் நான் ஒருவன்தான். என் அப்பா திருமழபாடிப் பக்கம் பண்ணையில் கிடந்தவர். வாய்க்கால் மடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்று அவரைப் புளிய விளாரால் அடித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். மற்றவர்கள் பேசுவதையே படித்து வளர்ந்தவனுக்கு, எங்கள் ஆட்களின் தரப்பை நாங்களே சொல்ல ஓர் இடம் கிடைத்தது. உயிரைக் கொடுத்து எழுதினேன்.

அழுது எழுதவில்லை, வாதமாகத்தான் எழுதினேன். என் அப்பா வாங்கிய அடி அவருடைய பழைய வினையின் பயன் என்றால், அடித்தவர் அந்தப் பயனைக் கொண்டுவந்து சேர்த்தவர் மட்டுமே, அவருக்குப் பாவமில்லை. அப்படியானால் உலகில் எந்த அடியும் பாவமில்லை. பாவமே இல்லாதபோது பழைய வினை எங்கிருந்து வரும்? அடித்தது பாவம்தான் என்றால், என் அப்பா அந்த அடிக்கு உரியவர் அல்ல. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தேன். தலைவர் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இதழ் தயாராகிவிட்டது என்று தகவல் வந்ததும் பெரம்பலூர் போனேன். அச்சகத்து வாசலிலேயே கட்டைப் பிரித்தேன். என் வாதம் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், சிலருக்குத் தம் நிலையை எண்ணி வருத்தம் உண்டாவது இயல்பு, ஏன் இப்படி என்று கேட்பதும் இயல்பு என்று ஏதோ நாலு வரி. அதற்கு அடியில், ‘சரிபார்த்தவர்’ என்று என் பெயர்.

அன்று மாலையே மண்டி மாடிக்குப் போனேன். தலைவர் வடை தின்றுகொண்டிருந்தார்.

“சார், இது என் தரப்பு இல்லைங்க.”

“சுருக்கியிருக்கேன் தம்பி. சாரம் அதானே?”

“அதுல சாரம் எங்கங்க இருக்கு? பாதிரியார்னா இப்படிச் சுருக்குவீங்களா?”

“மிராசுதாரு பேப்பர் குடுக்கலேன்னா பத்திரிகை நின்னுடும். நின்னா உங்க தரப்பும் சேந்துதான் நிக்கும். அடுத்த இதழ்ல முழுசாப் போட்டுடறேன், போங்க” என்றார். சொல்லிக்கொண்டே புது இதழ் ஒன்றை எடுத்து எண்ணெய்க் கையைத் துடைத்தார். மிராசுதாரின்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இல்லை. அவர் எப்போதும் அவராகத்தான் இருந்தார். இந்த மனிதரைத்தான் சகிக்க முடியவில்லை. எது நியாயம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே.

அடுத்த இதழ் வரவே இல்லை. தன் கட்டுரை அச்சில் வந்ததும் மிராசுதாருக்குத் தத்துவம் அலுத்துவிட்டது, காகிதம் நின்றது. தலைவர் மாற்றலாகிப் போனார். என் கையெழுத்துப் பிரதியைக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

சில வருஷம் கழித்து ஓர் ஆய்வு மாணவன் என்னைத் தேடி வந்தான். எங்கள் இதழின் வரலாற்றைத்தான் எழுதுகிறானாம். தட்டச்சு செய்த பக்கங்களைப் படிக்கக் கொடுத்தான். நிலமில்லாத குடிகளிடமிருந்து வினைக் கொள்கைக்கு எதிராக வாதம் எதுவும் எழவில்லை, வருத்தம் மட்டுமே வெளிப்பட்டது என்று எழுதி, அதற்குச் சான்றாக என் பெயரைக் கொடுத்திருந்தான்.

“இது பொய். நான் எழுதுனது வேற” என்றேன்.

அவன் குழம்பிப்போனான். நல்ல பையன். அவனும் எங்களைப்போன்ற குடும்பத்திலிருந்து வந்தவன்தான். “எதிராளி ஒத்துக்காம அந்தப் பத்திரிகைல ஒரு வரி வராதுன்னு சொல்றாங்களே சார்” என்றான். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டான்:

“நீங்க எழுதுனதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்குங்களா?”